நல்லெண்ணெய்க்கு நம்பர் இல்லை

தங்கபுஷ்பத்துக்கு அவள் அண்ணன் தனபாலனிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. 1973, ஆவணி மாதம். அவள் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிறது. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடித்தனம். மத்தியானம் சாப்பிட வந்தவள், கதவிடுக்கில் கிடந்த கார்டை எடுத்து நின்றபடியே படித்தாள்.

'அன்புள்ள தங்கைக்கு, நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்கு வருகிற சனிக்கிழமை காலை தலைக்கு ஊற்றுவதாகப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் வந்து முகம் பார்த்துக்கொள்ளவும். வரும்போது உன் ரேஷன் சர்க்கரை மிச்சம் இருந்தால் கொண்டுவரவும். வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டியிருக்கிறது.'

மெட்ராஸ்காரர்கள் இந்தக் கார்டைப் படித்தால், பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் போகிறார்கள், நல்ல பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். தங்கபுஷ்பம் தெற்கத்திக்காரி. அவளுக்கு விளக்கம் தேவையில்லை. படுக்கையில் விழுந்த தகப்பனுக்கோ தாய்க்கோ விடியற்காலையில் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வைத்து, குடம் குடமாய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதற்குமேல் இளநீரையும் வயிறு முட்டக் கொடுப்பார்கள். ஜன்னி கண்டு இரண்டு நாளில் ஆள் முடிந்துவிடும். முன்னாலேயே சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர்களும் வந்து முகம் பார்த்து, காப்பி குடித்து, 'நல்லபடியா முடியட்டும்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொந்த மகன் கையால் நடக்கிற இந்தக் காரியத்தைக் கொலை என்று சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை.

அப்பா வைரவனுக்கு எழுபத்தி மூன்று வயது. நாலு மாதம் முன்னால் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடக்க முடியாது, அவ்வளவுதான். நாக்கு நடந்தது, கண் நடந்தது, வயிறு நன்றாகவே நடந்தது. காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழாவது ஏன் வரவில்லை என்று கேட்கிற மனுஷர். தனபாலனுக்கு அதுவல்ல கவலை. உஸ்மான் ரோட்டில் அவன் ஜவுளிக்கடை, மேலே வீடு. தீபாவளி வியாபார நேரத்தில் துக்கம் விழுந்தால் பதினாறு நாள் கடையைத் திறக்க முடியாது. ஆவணியிலேயே முடித்துவிட்டால் நிம்மதியாகப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகலாம்.

தங்கபுஷ்பம் சாப்பிடவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா செத்தது?"

"எங்கப்பா சார். இன்னும் சாவல. சனிக்கிழம கொல்லப் போறாங்க."

"அப்ப திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழம ஆளு இருக்க மாட்டாரே சார்!"

"ஆளு இருந்தா இது கேஸே இல்லையேம்மா. புள்ள அப்பாவுக்கு எண்ணெ தேய்ச்சி ஊத்தறான். இதுக்கு எந்த செக்‌ஷன் போடறது?" அவர் மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு சர்க்குலரை எடுத்து நீட்டினார். "பெத்தவங்களப் புள்ளைங்க கொல்ற சமாசாரத்துக்குன்னே அடையாறுல தனியா ஆபீஸ் வெச்சிருக்காங்க. அங்க போங்க. இங்க கூட்டம் போடாதீங்க."

கூட்டம் என்று அங்கே அவள் ஒருத்திதான் நின்றிருந்தாள்.

அடையாறு காந்தி நகரில், வேப்பமரம் நிழல் கொடுக்கிற ஒரு மஞ்சள் பங்களாவில் இருந்தது 'பெற்றோர் கொலைப் போக்கு ஆராய்ச்சி நிலையம்'. டைரக்டர் ஒருவர், அவருக்குக் கீழே இருபத்திரண்டு பேர், இரண்டு ஜீப். பத்து வருஷமாக அங்கே நடக்கிற வேலை, மாநிலத்தில் எத்தனை பிள்ளைகள் பெற்றோரைக் கொல்கிறார்கள் என்று எண்ணி, போன வருஷத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று கோடு போடுவது. தடுப்பது அவர்கள் வேலை இல்லை. தடுத்தால் எண்ணிக்கை மாறிவிடும் என்பதால் அது ஆராய்ச்சி ஒழுக்கத்துக்கு விரோதம் என்று அலுவலக விதியிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவள் அங்கே போனாள். வாசலில் காக்கிச் சட்டை போட்ட பியூன் கபாலி பெரிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா விசயம்க்கா?"

"எங்கண்ணன் எங்கப்பாவைக் கொல்லப் போறான்."

கபாலி நோட்டைப் பார்த்தான். அதில் மூன்றே கட்டம்: ஆராய்ச்சியாளர், தபால், சப்ளை. "இதுல நீ யாருக்கா?" என்று கேட்டான். அவனே யோசித்து 'சப்ளை' என்று எழுதி உள்ளே அனுப்பினான்.

உள்ளே நீரஜா என்ற பெண் இருந்தாள். எண் பிரிவு அதிகாரி. முப்பது வயதுக்குள் இருக்கும், மூக்குக் கண்ணாடி, கையில் பென்சில். எதிரே நீள நீளமான அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கொலைக்கும் ஒரு அட்டை. கிண்டியில் ஒரு மெஷின் இருக்கிறதாம். அட்டையில் ஓட்டை போட்டு அனுப்பினால் அது எண்ணிச் சொல்லுமாம். நீரஜா நல்ல பெண்தான், தங்கபுஷ்பம் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுப் பென்சிலை நக்கிக்கொண்டாள்.

"கொலைக் கருவி என்ன?"

"நல்லெண்ணெ. பெறகு பச்சத் தண்ணி. பெறகு எளநி."

நீரஜா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த பட்டியலை விரலால் தடவிப் படித்தாள். "ஒண்ணு அரிவாள், ரெண்டு கத்தி, மூணு தடி, நாலு கல், அஞ்சு கயிறு, ஆறு விஷம், ஏழு தீ, எட்டு கிணறு." நிமிர்ந்தாள். "நல்லெண்ணெய்க்கு நம்பர் இல்லை மாமி."

"ஆனா அதுலதானம்மா கொல்லுதாங்க!"

"புரியறது. நீங்க சொல்றது நிஜமாத்தான் இருக்கும். ஆனா மெஷினுக்கு நம்பர்தானே தெரியும்?"

"ஒம்பதுன்னு ஒண்ணு போட்டிருக்கே, அது என்ன?"

"அது 'இதர'. அதை நாங்க உபயோகிக்கறதில்லை. போன வருஷம் ஒரு கேஸை இதரல போட்டுட்டு, இதரன்னா என்னன்னு டெல்லிலேர்ந்து கேட்டு, பதினோரு கடுதாசு எழுதும்படி ஆயிடுத்து. அதுலேர்ந்து டைரக்டர் இதரைய மூடி வெச்சிருக்கார்." கொஞ்சம் இரக்கத்தோடு சேர்த்துச் சொன்னாள்: "ஒரு அரிவாளாவது வெச்சுண்டு பயமுறுத்தினாரா உங்கண்ணா? நன்னா யோசிச்சுப் பாருங்கோ."

தங்கபுஷ்பம் எழுந்துவிட்டாள். அப்பனைக் காப்பாற்ற வந்த இடத்தில், அண்ணன் அரிவாளை எடுக்கவில்லையே என்று அவளையே வருத்தப்பட வைத்துவிட்டாள் இந்தப் பெண்! "உங்களுக்குப் பெரியவர் யாரு, அவரைப் பாக்கணும்" என்றாள்.

டைரக்டர் டாக்டர் ஸ்ரீரங்கன் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கிராஃப் மாட்டியிருந்தது. இடது மூலையில் 1963, பதினான்கு கொலை. அங்கிருந்து சிவப்புக் கோடு படிப்படியாக இறங்கி வந்து, வலது மூலையில் 1973-ல் பூஜ்யத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் கீழே ஒரு பேனர் எழுதிக் காயவைத்திருந்தார்கள்: 'பெற்றோர் கொலை: ஒரு வீழ்ச்சியின் வரலாறு. சனிக்கிழமை மாபெரும் கருத்தரங்கு.'

"வாங்கோ, உக்காருங்கோ" என்று அவர் மரியாதையாகத்தான் வரவேற்றார். பொதுஜனம் யாரும் அந்த அறைக்கு வந்ததே கிடையாது. ஆகையால் அவருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். "இந்தக் கோட்டைப் பார்த்தேளா? இது சும்மா இறங்கலை. பத்து வருஷ உழைப்பு. அறுபத்தஞ்சுல மாற்றாந்தாய் கேஸை எடுத்தோம், அவா பெத்தவா இல்லையோன்னோ. அறுபத்தேழுல குடிச்சுட்டுக் கொன்னதையெல்லாம் மதுவிலக்கு இலாகாவுக்கு அனுப்பினோம். அறுபத்தொம்பதுல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்தவாளை சுகாதார இலாகாவுக்குக் குடுத்தோம். எழுபத்தொண்ணுல சொத்துக்காகக் கொன்னதை ரெவின்யூல சேர்த்தோம். மிச்சம் என்ன இருக்கு? வெறும் பாசம்! உலகத்துலேயே பெத்தவாளைக் கொல்லாத ஜனம் நாம ஒருத்தர்தான். இது நான் சொல்லலை, கோடு சொல்றது."

"சார், எங்கப்பா..."

"நானூறு குடும்பத்துல சர்வே எடுத்திருக்கோம். 'உங்கள் இல்லத்தில் பெற்றோரைக் கொல்லும் வழக்கம் உண்டா, இல்லையா?' நானூறு பேரும் இல்லைன்னு எழுதியிருக்கா."

"யாரு எழுதினா சார், பெத்தவங்களா?"

"அவாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே. பிள்ளைகள்தான் பூர்த்தி பண்ணிக் குடுத்தா." அவர் புன்னகை செய்தார். "எங்காத்தையே எடுத்துக்கோங்கோ. அம்மா பின்கட்டுல இருக்கா. ஒரு தொந்தரவு கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. நான் பார்த்தே மூணு வாரம் ஆச்சு. அவ்வளவு நிம்மதியா இருக்கா!"

தங்கபுஷ்பம் போஸ்ட் கார்டை மேஜைமேல் வைத்தாள். எண்ணெய் ஏன், தண்ணீர் ஏன், இளநீர் ஏன், எத்தனை நாளில் முடியும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் பெரியப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது, பத்து வயதில் ஜன்னல் வழியாகத் தானே பார்த்ததாகவும் சொன்னாள். ஸ்ரீரங்கன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அவருக்குப் புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"கஷ்டமா இருக்கும்மா" என்றார். நிஜமாகவே அவர் முகம் வாடிவிட்டது. "இந்த வருஷம் பூஜ்யம். ராத்திரி பகலா உழைச்சுக் கொண்டுவந்த பூஜ்யம். சனிக்கிழமை காத்தால பத்து மணிக்கு நான் மேடையில இதை அறிவிக்கப் போறேன். அதே காத்தால உங்கப்பா... இதைத் தை மாசம் வெச்சுக்கப்படாதோ? அடுத்த வருஷக் கணக்குல போகும்."

"சார், அவரக் கொல்லக்கூடாதுன்னு சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பான்."

அப்போதுதான் அவர் கார்டின் அடியில் இருந்த பெயரைப் பார்த்தார். "தனபாலனா? உஸ்மான் ரோடு தனபாலனா? அட, நம்ம கருத்தரங்குக்குப் பொன்னாடை முழுக்க அவர் உபயம் ஆச்சே! அவருக்குத்தானே 'பெற்றோரைப் பேணிய பெருந்தகை'ன்னு பட்டம் குடுக்கறோம்! இதுக்கா இவ்வளவு கவலைப்பட்டேள்? இப்பவே பேசிடறேன்." டெலிபோனை எடுத்துச் சுற்றினார்.

தங்கபுஷ்பத்துக்கு உயிர் வந்தது. முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தனபாலனா? ஸ்ரீரங்கன் பேசறேன். உங்க தங்கை இங்க வந்திருக்கா... ஆமாமா, ஆத்து விஷயம்தான்... அதெல்லாம் நான் கேக்க மாட்டேன், குடும்ப சமாசாரம். நான் கேக்கறது சனிக்கிழமை காத்தால ஒன்பது மணிக்கு நீங்க மேடையில இருக்கணும்... என்னது, காத்தால விசேஷமா? உங்க கையால பண்ண வேண்டியதா? அடடா... தள்ளி வெச்சுக்க முடியாதா? எல்லாருக்கும் சொல்லியாச்சா?... முன்னாடியே வெச்சுக்கறேளா? பேஷ், பேஷ். வெள்ளிக்கிழமையே முடிச்சுண்டு ஃப்ரீயா வந்துடுங்கோ." வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பேசிட்டேன். தங்கமான மனுஷர். உடனே ஒத்துண்டுட்டார்."

அவள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. உதவி கேட்டு வந்ததில் அப்பாவின் ஆயுசில் ஒரு நாள் குறைந்திருந்தது. வராமலே இருந்திருக்கலாம் என்ற நினைப்பு வந்ததும் அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

கபாலி நோட்டை மூடிவிட்டு வந்தான். கதவு இடுக்கு வழியாக அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அந்த அலுவலகத்தில் ஜனங்கள் சொல்வதைக் கேட்கிற ஒரே ஆள் அவன்தான். அதுவும் ஒட்டுக்கேட்பதுதான். "யக்கா, இவனுங்களாண்ட இன்னாத்துக்குப் பேசிக்கினுகீற? பத்து வருசமா எண்ணிக்கினே கீறானுங்க, ஒர்த்தரையும் காப்பாத்தல. என் மச்சான் சைக்கிள் ரிக்ஷா வெச்சிகீறான். நாளைக்கி மத்தியானம் இட்டாரேன். பெரியவரத் தூக்கிக்கினு வந்துடுவோம்."

"ஒனக்கு வேலை போயிருமேப்பா."

"எனுக்கும் ஊட்ல நைனா கீறாருக்கா" என்றான் அவன்.

வியாழக்கிழமை மத்தியானம் இருவரும் ரிக்ஷாவோடு உஸ்மான் ரோட்டுக்குப் போனார்கள். கடையில் கூட்டம் இல்லை. தங்கபுஷ்பம் மட்டும் முதலில் மாடி ஏறினாள். பின்னறையில் அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து விபூதி பூசிவிட்டிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த இரண்டு பேர் எதிரே காப்பி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார்கள், மகள் தனியாகப் பார்த்து அழட்டும் என்ற பெருந்தன்மை.

"ஏளா புஷ்பம்" என்றார் வைரவன். குரல் நடுங்கவில்லை, கோபத்தில் தடித்திருந்தது. "கட்டிலுக்கு அடியில பாரு."

குனிந்து பார்த்தாள். எண்ணெய் டின் ஒன்று. அதற்குப் பக்கத்தில் வரிசையாக இளநீர்.

"இருவத்தி நாலு. எண்ணிட்டேன். நேத்து ராத்திரி தாகமாயிருக்கு, ஒண்ணு வெட்டிக் குடுங்கன்னேன். அது வெள்ளிக்கிழமைக்குல்லா மாமாங்கா அவன் பொண்டாட்டி, ஒங்க மைனி." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒங்கம்மாவ நெனச்சிக்கிட்டுப் போயிருவேன்னு நெனைக்கான் அவன். எனக்குப் போவ மனசில்லம்மா. பசிக்கில்லா செய்யுது எனக்கு."

"எப்பா, நான் இருக்கேன்லா. நீங்க வாயத் தெறக்காம இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். படி இறங்கும்போதே பொய் தயாராகிவிட்டது.

"அண்ணே, அடையாறுல இருந்து ஆள் அனுப்பியிருக்காவ. ஒனக்குப் பட்டம் குடுக்கதுக்கு முன்ன அப்பாட்ட ரெண்டு வார்த்தை கேட்டு எழுதிக்கிடணுமாம். கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு டைரக்டரு."

கபாலி காக்கிச் சட்டையில் விறைப்பாக நின்றான். மார்பில் நிலையத்தின் பித்தளை வில்லை பளபளத்தது. தனபாலன் வில்லையைப் பார்த்தான், தங்கையைப் பார்க்கவில்லை. முகம் மலர்ந்துபோயிற்று. "அப்பா என்னத்தச் சொல்லுவாரோ! நல்லதாச் சொல்லச் சொல்லு" என்றான். தானே மேலே போய் அப்பாவுக்குப் புது மல்வேட்டி கட்டிவிட்டான். நாலு மாதத்தில் முதல் தடவையாக. கபாலி பெரியவரைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பின்னாலிருந்து தனபாலன் குரல் கொடுத்தான்: "சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துருங்க. நாளைக்கு வெள்ளன வேலை இருக்கு."

ரிக்ஷா தேனாம்பேட்டையைத் தாண்டிற்று. லஸ் முனையில் வைரவன், "ஏளா, ஒரு எளநி வாங்கித் தா" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பயப்படாத. இது நான் கேட்டு வாங்கிக் குடிக்கது" என்றார். குடித்துவிட்டு வழுக்கையையும் சுரண்டித் தரச் சொல்லித் தின்றார்.

வெள்ளிக்கிழமை காலை அதே இன்ஸ்பெக்டர் சாந்தோமுக்கு ஜீப்பில் வந்தார், தனபாலனோடு. செவ்வாய்க்கிழமை செக்‌ஷன் கிடைக்காதவருக்கு இப்போது நாலு செக்‌ஷன் கிடைத்திருந்தது. "தகப்பனாரை ஏமாற்றிக் கடத்திய மகள்" என்று புகார் தயாராக எழுதியிருந்தது.

"நான்தான்யா வந்தேன்! என் இஷ்டத்துக்கு வந்தேன்!" என்று கட்டிலிலிருந்து கத்தினார் வைரவன்.

"பெரியவரே, சும்மா இருங்க. இந்தக் கேஸ்ல நீங்க கடத்தப்பட்ட பொருள். பொருள் சாட்சி சொல்ல முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

தங்கபுஷ்பம் கட்டிலின் குறுக்கே நின்றுகொண்டாள். "இவன் எளநி வாங்கி வச்சிருக்கான், எண்ணெ வாங்கி வச்சிருக்கான், போய்ப் பாருங்க சார்! என்னையத் தூக்கிட்டுப் போங்க, எங்கப்பாவ விட மாட்டேன்!" என்று அலறினாள். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலை அடைத்து நின்றார்கள். தனபாலன் சுற்றிலும் பார்த்தான், இன்ஸ்பெக்டரை ஓரமாய்க் கூப்பிட்டான். "கெடக்கட்டும் சார் இங்கயே. புகார் மட்டும் இருக்கட்டும். நாளைக்கு ஊர்ல கேட்டா பதில் சொல்லணும்லா." அப்பாவைத் திருப்பிக் கொண்டுபோகிற எண்ணம் அவனுக்கு முதலிலிருந்தே இல்லை.

சனிக்கிழமை கருத்தரங்கு நடந்ததைக் கபாலி வந்து சொன்னான். டைரக்டர் பூஜ்யத்தை அறிவித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்றாம். தனபாலனுக்கு அவன் கடைப் பொன்னாடையையே போர்த்தினார்களாம். மைக்கைப் பிடித்து, "அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கல, கடைசி வரைக்கும் எளநியாத்தான் குடுக்கணும்னு இருந்தேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். "ஜனமெல்லாம் அய்வுதுக்கா! எனக்கு மட்டும் சிரிப்பு. அதுக்கும் சேத்து மெமோ குட்த்துட்டாங்கோ" என்றான் கபாலி.

வைரவன் அதற்குப் பிறகு ஆறு மாதம் இருந்தார். தீபாவளிக்கு அதிரசம் தின்றார், பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்க முடியாமல் நசுக்கிச் சாறு குடித்தார். மகள் வைக்கிற ரசம் ஒரு நாளாவது அம்மா வைத்த ரசம் மாதிரி இல்லை என்று தினமும் சொல்லிவிட்டு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம் ரசஞ்சோறு சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, கண்ணை மூடியவர் திறக்கவில்லை. தங்கபுஷ்பம் வாய்விட்டு அழுதாள். ஆனாலும் அப்பா பசியோடு போகவில்லை என்ற ஒரு ஆறுதல் இருந்தது. தனபாலன் வந்து கொள்ளி வைத்தான். பத்திரிகையில் கால் பக்கத்துக்கு அனுதாபச் செய்தி போட்டான், அடியில் கடை விலாசத்தோடு.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீரஜா வந்தாள். பின்னால் கபாலி அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான். அவன் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் துக்கமான நேரம்னு தெரியும்" என்று ஆரம்பித்தாள் நீரஜா. "எழுபத்திநாலாம் வருஷத்துக்கு ஒரு கேஸ் வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. விதிப்படி, பிள்ளை மேல போலீஸ் புகார் இருந்து, அந்தப் பிள்ளை பொறுப்புல இருக்கறச்சே ஒரு வருஷத்துக்குள்ள பெத்தவா காலமானா, அது எங்க கணக்குல வந்துடறது."

தங்கபுஷ்பத்துக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு கேசும்மா அது?"

"நீங்கதான் மாமி."

சுவரில் அப்பாவின் படம் இருந்தது. நேற்றுப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. கடைக்குத் தீட்டு வரக்கூடாதென்று அப்பனைத் தீர்த்துக்கட்ட நாள் குறித்தவனுக்குப் பட்டம், பொன்னாடை. சோறு போட்டவளுக்கு ஓட்டை போட்ட அட்டை! பத்து வருஷமாக இந்தச் சீமையில் எண்ணெயிலும் தண்ணீரிலும் போனவர்கள் யாருக்கும் அட்டை இல்லை. பத்து வருஷம் கழித்து அவர்கள் கண்டுபிடித்த ஒரே கொலைகாரி இவள். தங்கபுஷ்பம் செருப்பை எடுத்து அடிக்கலாம் என்றுதான் நினைத்தாள். இந்தப் பெண்ணை அடித்து என்ன ஆகப்போகிறது?

"டைரக்டருக்கு ரொம்ப உற்சாகம்" என்றாள் நீரஜா. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது போலிருக்கிறது. "இதுவரைக்கும் பெண் குற்றவாளியே கிடைச்சதில்லை. புதுப் போக்குன்னு டெல்லிக்கு எழுதியிருக்கார். ரெண்டே கேள்விதான்." பென்சிலை நக்கிக்கொண்டாள். "கொலைக் கருவி?"

தங்கபுஷ்பம் அவளை நேராகப் பார்த்தாள். "ரசஞ்சோறு."

நீரஜா பட்டியலை எடுத்து, அரிவாளிலிருந்து கிணறு வரை ஒருமுறை விரலை ஓட்டினாள். "ரசஞ்சோறுக்கு நம்பர் இல்லை" என்று முணுமுணுத்தாள். பிறகு, "பரவாயில்லை, ஒன்பது போட்டுடறேன். உங்க கேஸுக்காக இதரையத் திறந்துக்கலாம்னு டைரக்டர் அனுமதி குடுத்திருக்கார்" என்று ஓட்டை போடுகிற இடத்தில் சுழித்தாள். "நோக்கம்? சொத்து, கோபம், குடி, பழி?"

"பசிக்குன்னாரு. போட்டேன்."

அதற்கும் ஒன்பதுதான் விழுந்தது.

அட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நீரஜா எழுந்தாள். மணி ஒன்று இருக்கும். அடுப்பில் ரசம் கொதித்து நுரை கூடியிருந்தது. மிளகும் பூண்டும் வாசம் தெருவரை போயிற்று. என்ன கோபமாயிருந்தாலும், சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பித் தங்கபுஷ்பத்துக்குப் பழக்கமில்லை. தட்டை எடுத்து வைத்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிட்டுப் போம்மா. ரசஞ்சோறுதான்."

நீரஜாவின் கை வாயருகே போய் நின்றது. "ஐயோ, வேண்டாம் மாமி!" என்று இரண்டடி பின்னால் நகர்ந்து வாசற்படியில் போய் நின்றுகொண்டாள்.

கபாலி பெட்டியைக் கீழே வைத்தான். காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "எனுக்குப் போடுக்கா. நெறய ஊத்து" என்றான்.

அவள் ஊற்றினாள். அவன் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டு, இன்னும் கேட்டான். வாசற்படியில் நீரஜா பென்சிலும் ஒரு புது அட்டையுமாய், அவனையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.